ஆபரேஷனுக்கு முன் எடையும் தசையும்: வார்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரைப்பை, குடல், உணவுக்குழாய் என்று பெரிய ஆபரேஷனுக்கு வரும் ஒருவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்துவிடுகிறோம். ஆறு மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா என்பதைப் பல இடங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கேட்கிறோம். அப்போது தெரிந்து என்ன செய்ய முடியும்? அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆபரேஷன் என்று முடிவான அன்றே, ஓபியிலேயே இந்த மதிப்பீட்டைச் செய்துவிடுங்கள். கண்டுபிடித்த குறையைச் சரிசெய்ய நாள் வேண்டும். அந்த நாட்கள்தான் இங்கே மருந்து.

இது புதிய விஷயமும் இல்லை. 1936-லேயே அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், குடற்புண் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றி எழுதினார். ஆபரேஷனுக்கு முன் உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். அந்த அளவு இழக்காதவர்களில் இறந்தது 3.5 சதவீதம். மயக்க மருந்தும் ஆன்டிபயாடிக்கும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் மெலிந்த உடலில் புண் ஆறத் தாமதமாவதும், குடலைத் தைத்த இடம் கசிவதும், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வருவதும் இன்றும் நாம் பார்ப்பவைதான்.

புதிதாகச் சேர்ந்த டயட்டீஷியன், ஸ்டாஃப் நர்ஸ், ஹவுஸ் சர்ஜன், பிசியோதெரபிஸ்ட் யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். எடை மெஷின், உயரம் அளக்கும் பட்டை, நீளாத இன்ச் டேப், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். கைவலு அளக்கும் டைனமோமீட்டர் இருந்தால் ரொம்ப நல்லது. பழகிவிட்டால் ஒருவருக்குக் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஆகும்.

1. எடையை நீங்களே பாருங்கள்

கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் எடையை நம்பாதீர்கள். பாதி நேரம் அது நோயாளி சொன்ன எடை, அல்லது கட்டில் பக்கம் நின்று யாரோ குத்துமதிப்பாக எழுதியது. மெஷினைச் சமமான தரையில் வையுங்கள், முள் அல்லது எண் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். செருப்பு, செல்போன், மடியில் செருகிய பர்ஸ், இடுப்புச் சாவிக்கொத்து எல்லாம் இறங்கட்டும். அடுத்த முறையும் அதே மெஷினில்தான் பார்க்க வேண்டும். இரண்டு மெஷின்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் இருப்பது சாதாரணம், நாம் தேடும் மாற்றமே அந்த அளவில்தான் இருக்கும்.

நிற்க முடியாதவருக்கு உயரத்தை முன்கை எலும்பின் நீளத்திலிருந்து கணக்கிடலாம். இடது கையை மடக்கி, உள்ளங்கை எதிர்த் தோளைத் தொடும்படி நெஞ்சின்மேல் குறுக்காக வைத்து, முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். அந்த அளவுக்கு நேரான உயரம் அட்டவணையில் இருக்கும். கூன் விழுந்த முதியவர்களுக்கும் இதுதான் உதவும்.

வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ காலில் வீக்கம் இருந்தாலோ மெஷின் காட்டும் எடை நிஜமில்லை. கணுக்காலில் பெருவிரலை அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா என்று. வயிற்று நீருக்கு லேசாக இருந்தால் 2 கிலோ, நடுத்தரமாக இருந்தால் 6, அதிகமாக இருந்தால் 14 கிலோ வரை கழிப்பது ஒரு தோராயக் கணக்கு. தோராயம்தான், ஆனாலும் கழிக்காமல் விடுவதைவிட மேல். ‘நீர் கழித்த எடை’ என்று பக்கத்தில் குறித்துவையுங்கள்.

2. எவ்வளவு குறைந்தது? இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

இன்றைய எடை ஒரு எண், அவ்வளவுதான். நேற்று வரை 70 கிலோ இருந்தவர் இன்று 58 என்றால் அந்த 12 கிலோவில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் நம் மக்களில் பலருக்குத் தங்கள் பழைய எடை தெரியாது. “முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்தேன்” என்பார்கள்.

அதற்காக விட்டுவிடக் கூடாது. கையில் வைத்திருக்கும் மஞ்சள் பையைத் திறக்கச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சர்க்கரை, பிரஷர் நோட்டில் மாதாமாதம் எடை எழுதியிருப்பார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கலாம், ரத்ததான அட்டை இருக்கலாம். எதுவுமே இல்லையென்றால் உடுப்பைப் பற்றிக் கேளுங்கள்.

“ஐயா, போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இப்ப எப்படி இருக்கு?”

“அது தோள்ல நிக்க மாட்டேங்குதுங்க. பெல்ட்டுக்கு ரெண்டு ஓட்டை புதுசா போட்டுக்கிட்டேன்.”

அம்மாக்களிடம் ரவிக்கையைக் கேளுங்கள். பிரித்துப் பிடித்துத் தைத்தீர்களா, எத்தனை முறை? வளையல் முழங்கை வரை ஏறுகிறதா? மோதிரத்துக்கு நூல் சுற்றியிருக்கிறதா? கூட வந்த பிள்ளையின் செல்போனில் ஆறு மாதத்துக்கு முந்தைய கல்யாண வீட்டுப் படம் கட்டாயம் இருக்கும். படத்தையும் எதிரில் உட்கார்ந்திருக்கும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கிலோக் கணக்கு கிடைக்காவிட்டாலும் ‘உடை வெகுவாகத் தளர்ந்துள்ளது, படத்தில் கன்னம் நிரம்பியிருந்தது’ என்று எழுதலாம். அதுவும் ஒரு சான்றுதான்.

பழைய எடை கிடைத்தால் கணக்கு எளிது. பழைய எடையிலிருந்து இன்றைய எடையைக் கழித்து, பழைய எடையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். எத்தனை மாதத்தில் குறைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், காலம் இல்லாத சதவீதத்தால் பயனில்லை. வேண்டுமென்றே நடந்து, சாப்பாட்டைக் குறைத்து எடை குறைத்தாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

3. ஒரு சல்லடை போதும், ஆனால் எல்லோருக்கும்

யாருக்கு முழு மதிப்பீடு தேவை என்று சலித்தெடுக்க மஸ்ட் என்ற பிரிட்டிஷ் முறை இருக்கிறது, ஐரோப்பாவின் என்ஆர்எஸ் 2002 இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வார்டு முழுக்க ஒன்றையே வையுங்கள். புதியவர்களுக்கு மஸ்ட் சுலபம். பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 20-க்கு மேல் என்றால் பூஜ்யம், 18.5 முதல் 20 வரை என்றால் 1, அதற்குக் கீழ் 2. கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்குக் குறைவாக இறங்கியிருந்தால் பூஜ்யம், 5 முதல் 10 வரை என்றால் 1, 10-க்கு மேல் 2. கடும் நோயோடு ஐந்து நாளுக்கு மேல் சாப்பாடு இல்லாமல் இருந்தால், அல்லது இருக்கப்போகிறார் என்றால், இன்னொரு 2. கூட்டினால் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். ஆனால் பெரிய வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் 1 வாங்கினாலே நான் அடுத்த படிகளுக்குப் போய்விடுவேன்.

4. என்ன சாப்பிடுகிறார்? பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்

“சாப்பாடெல்லாம் எப்படி?” என்ற கேள்விக்கு வரும் பதில் “எப்பவும்போலத்தான்.” அதே நேரம் பக்கத்தில் நிற்கும் மனைவியின் முகத்தைப் பாருங்கள். “எங்கங்க, ஒரு இட்லியைக் கரைச்சுக் குடிக்கிறாரு, அதுவும் பாதிதான்” என்று அவர் சொல்வதுதான் சரியான தகவல். அதனால் எண்ணிக்கையாகக் கேளுங்கள். முன்னே காலையில் எத்தனை இட்லி, இப்போது எத்தனை? மதியம் எத்தனை கரண்டி சோறு? வாரத்தில் எத்தனை நாள் முட்டை, மீன், கறி? நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை வாயில் போனதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கத்தில் பாதியோ அதற்குக் கீழோ ஒரு வாரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அது எச்சரிக்கை மணி.

ஏன் குறைந்தது என்பதையும் தோண்டுங்கள். விழுங்கும்போது அடைக்கிறதா, இரண்டு வாயிலேயே வயிறு நிரம்பிவிடுகிறதா, வாந்தியா, வாயில் புண்ணா, பல் இல்லையா, வலியா, மனச்சோர்வா? புற்றுநோய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்தே சாப்பாடு இறங்காதவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. பசியில்லாதவருக்குப் பவுடர் டின் எழுதிக் கொடுப்பதும் தொண்டை அடைத்தவருக்கு அதையே எழுதிக் கொடுப்பதும் ஒன்றாகாது.

அப்புறம் பத்தியம். ஆபரேஷன் என்றதும் வீட்டில் முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுவார்கள், புண் சீழ் பிடிக்கும் என்று. பருப்பு வாயு என்று அதுவும் நின்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது அரிசிக் கஞ்சி. 30 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் இரண்டு கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் கிட்டத்தட்ட 6 கிராம். இதைத் திட்டாமல், பொறுமையாக, வீட்டுப் பெரியவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். சமையலை முடிவுசெய்பவர் பெரும்பாலும் நோயாளி இல்லை.

ஏற்கெனவே அட்மிஷன் ஆனவர் என்றால் நாம் போட்ட பட்டினிகளையும் எண்ணுங்கள். எண்டோஸ்கோப்பிக்கு ஒரு நாள், சிடி ஸ்கேனுக்கு ஒரு நாள், ஆபரேஷன் லிஸ்டில் கடைசிப் பெயராக இருந்து சாயங்காலம் தள்ளிப்போனது ஒரு நாள். இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நர்ஸின் குறிப்பேட்டில் ‘வாய்வழி எதுவும் இல்லை’ என்று எழுதிய வேளைகளைக் கூட்டிப் பாருங்கள், மனசு பதறும். திட உணவை மயக்க மருந்துக்கு ஆறு மணி நேரம் முன்புவரையும் தெளிந்த திரவத்தை இரண்டு மணி நேரம் முன்புவரையும் கொடுக்கலாம் என்பதே இன்றைய பொதுவான வழிகாட்டல். இரைப்பையில் அடைப்பு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, மயக்க மருந்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களை முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் வைக்கத் தேவையே இல்லை.

5. உடம்பைத் தொட்டுப் பாருங்கள்

1987-ல் டொரான்டோ மருத்துவர்கள் விவரித்த எஸ்ஜிஏ என்ற முறை முழுக்க முழுக்கக் கேள்வியாலும் கையாலும் செய்வது. எடை, சாப்பாடு, வயிற்று உபாதை, நடமாட்டம், உடல் பரிசோதனை இவற்றைச் சேர்த்துப் பார்த்து, நல்ல நிலை ஏ, மிதமான மெலிவு அல்லது சந்தேகம் பி, கடும் மெலிவு சி என்று முடிவுசெய்வார்கள். மெஷின் எதுவும் வேண்டாம், ஆனால் கை பழக வேண்டும்.

நல்ல வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா? காறை எலும்பு மேலும் கீழும் பள்ளமாகத் துருத்தி நிற்கிறதா? தோள் உருண்டையாக இருக்கிறதா, சட்டை ஹேங்கர் மாதிரி கூர்மையாக நிற்கிறதா? கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டவைத்து அழுத்தச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே புறங்கையில் ஒரு சதை திரண்டு எழும்ப வேண்டும். எழும்பாமல் தட்டையாகவோ குழியாகவோ இருந்தால் தசை போயிருக்கிறது. அடுத்து முழங்காலுக்கு மேலே தொடையின் உள்பக்கம், அப்புறம் கெண்டைக்கால். கொழுப்புக்கு, கையின் பின்பக்கம் முழங்கைக்கு மேலே தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். விரல்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டால் கொழுப்புக் கையிருப்பு கரைந்துவிட்டது.

தொடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், திரை போட்டுவிட்டுப் பாருங்கள். பொது வார்டில் நாலு பேர் பார்க்க ஒரு அம்மாவின் முந்தானையை விலக்கச் சொல்லிக் காறை எலும்பு பார்ப்பது எந்த மதிப்பீட்டுக்காகவும் நியாயமில்லை.

கெண்டைக்காலுக்கு மட்டும் டேப் போடுங்கள். உட்கார்ந்து, முழங்கால் தொண்ணூறு டிகிரி மடங்கி, பாதம் தரையில் இருக்கட்டும். டேப்பை மேலும் கீழும் நகர்த்தி, அதிகச் சுற்றளவு வரும் இடத்தில் இறுக்காமல் படியுங்கள். ஆசிய சார்கோபீனியா (தசையும் வலுவும் குறைந்துபோகும் நிலை) பணிக்குழு 2019-ல் தந்த எல்லை, ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. அதற்குக் கீழ் வந்தால் தசைக் குறைவு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே பாருங்கள். கால் வீங்கியவருக்கு இந்த அளவு பொய் சொல்லும், பருமனானவருக்கும் அப்படியே.

6. வலுவை அளந்து பாருங்கள்

தசை எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, அது வேலை செய்கிறதா என்பது இன்னொன்று. ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவர் இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும், எழுந்து உட்கார வேண்டும், நான்கடி நடக்க வேண்டும். இதற்கெல்லாம் வேண்டியது வலுதான்.

டைனமோமீட்டர் இருந்தால், ஜமார் என்ற ஹைட்ராலிக் வகைக்கு நோயாளி உட்கார்ந்து, முழங்கையைத் தொண்ணூறு டிகிரி மடக்கி, முழு பலத்தோடு பிடித்து அழுத்தட்டும். ஸ்பிரிங் வகை என்றால் நின்றுகொண்டு கையை நேராகத் தொங்கவிட்டுச் செய்ய வேண்டும். “நல்லா, நல்லா, இன்னும்” என்று குரல் கொடுங்கள், நிஜமான அளவு அப்போதுதான் வரும். இரண்டு கையிலும் செய்து அதிகமானதை எழுதுங்கள். டிரிப்ஸ் ஊசி இருக்கும் கையில் வேண்டாம். ஆசிய எல்லை ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோ. ஐரோப்பியக் குழுவின் எல்லை 27, 16. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

கருவி இல்லையா? நாற்காலி இருக்கிறதே. கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலிருந்து ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். எழத் தொடங்கியதும் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள், ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் நிறுத்துங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் ஆசிய அளவுகோலின்படி உடல் செயல்திறன் குறைவு. நாற்காலி சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி, கடும் ரத்தசோகை உள்ளவரை வைத்து இதைச் செய்யாதீர்கள். மூட்டுவலியால் எழ முடியாதவரை மெலிந்தவர் என்று எழுதிவிடவும் கூடாது, காரணத்தைக் குறியுங்கள்.

வார்டு வராந்தாவில் ஆறு மீட்டருக்கு இரண்டு கோடு போட்டுவைத்தால் நடையையும் பார்த்துவிடலாம். வழக்கமான வேகத்தில் நடக்கட்டும், விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவு என்றால் மெதுவான நடை.

7. ஏற்கெனவே எடுத்த சிடியைப் பயன்படுத்துங்கள்

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுத்த சிடி ஸ்கேனிலேயே தசை தெரியும். மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் ஒரு குறுக்குப் படத்தை எடுத்து, அதில் உள்ள தசைப் பரப்பை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பார்கள். தனிச் செலவு இல்லை. ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டால் பல இடங்களில் செய்து தருவார்கள். பரவலாக மேற்கோள் காட்டப்படும் எல்லை, சதுர மீட்டருக்கு ஆணுக்கு 52.4, பெண்ணுக்கு 38.5 சதுர செ.மீ. இது கனடாவில் பருமனான புற்றுநோயாளிகளை வைத்துக் கண்டது. நம் ஊர் உடல்வாகுக்கு அப்படியே போட்டால் பாதி வார்டுக்குத் தசைக் குறைவு என்று வந்துவிடும். அதனால் எண்ணைப் பார்த்து மட்டும் தீர்ப்பு எழுத வேண்டாம், கைவலுவோடு சேர்த்துப் பாருங்கள்.

8. ஆல்புமினை வைத்து முடிவுசெய்யாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். “ஆல்புமின் 3.8 இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்பார்கள். ஆல்புமின் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு புரதம், அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். வேண்டுமென்றே பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக ஆனவர்களுக்குக்கூட அது சரியான அளவிலேயே இருக்கலாம். இன்னொரு பக்கம், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குக் கிருமித் தொற்று வந்தால் ஓரிரு நாளில் விழுந்துவிடும். கல்லீரல் நோயிலும் குறையும், சிறுநீரில் புரதம் போனாலும் குறையும். அது உடலில் அழற்சி இருப்பதைச் சொல்கிறது. அமெரிக்க ஊட்டச்சத்துச் சங்கமான ஆஸ்பென் 2021-லேயே ஆல்புமினையும் ப்ரீஆல்புமினையும் ஊட்டச்சத்தின் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டது. குறைந்த ஆல்புமின் ஆபரேஷன் அபாயத்தைக் காட்டும், அதனால் டெஸ்ட் எடுங்கள். ‘ஊட்டம் சரி’ என்று சான்றிதழ் கொடுக்க மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இதோடு ஹீமோகுளோபின், பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம், அழற்சியைக் காட்டும் சிஆர்பி பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தும் பி12-ம் பார்க்க வேண்டும்.

9. முடிவை எழுதுவது

கிளிம் என்ற உலகளாவிய வரையறை 2019-ல் வெளியானது. உடலில் தெரியும் ஒரு அடையாளமும், அதற்கான ஒரு காரணமும் இருந்தால் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று எழுதலாம். அடையாளம் என்பது ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு, அல்லது குறைந்த பிஎம்ஐ (ஆசியர்களுக்கு 70 வயதுக்குக் கீழ் 18.5-க்குக் குறைவு, 70-லிருந்து 20-க்குக் குறைவு), அல்லது குறைந்த தசை. காரணம் என்பது சாப்பாடு குறைந்தது அல்லது சத்து உறிஞ்சப்படாதது, இல்லையென்றால் நோயின் அழற்சி. ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால் கடுமையானது.

இரண்டு கற்பனை நோயாளிகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 62 வயது விவசாயி. இரைப்பைப் புற்றுநோய், இரைப்பையின் கீழ்வாயில் அடைப்பு. உயரம் 163 செ.மீ., நான்கு மாதம் முன்பு 58 கிலோ, இன்று 49. பிஎம்ஐ 18.4, எடை இழப்பு 15.5 சதவீதம். மஸ்ட்டில் பிஎம்ஐக்கும் எடை இழப்புக்கும் சேர்த்து 4. கிளிம்படி கடும் குறைபாடு. இவரைப் பார்த்தாலே யாருக்கும் தெரியும்.

இன்னொருவர் 55 வயது அம்மா, பெருங்குடல் புற்றுநோய். உயரம் 155, மூன்று மாதத்தில் 74 கிலோவிலிருந்து 68. பிஎம்ஐ 28. வார்டில் “நல்ல உடம்பு, நல்லாத் தாங்குவாங்க” என்பார்கள். கணக்குப் போட்டால் இழப்பு 8.1 சதவீதம், சாப்பாடு ஒரு மாதமாகப் பாதி. கைவலு 14 கிலோ, ஐந்து முறை எழுந்து உட்கார 17 விநாடி. கிளிம்படி இவருக்கும் மிதமான குறைபாடு உண்டு, வலுவும் போயிருக்கிறது. நீங்கள் இந்த வேலைக்கு வந்திருப்பதே இவரைப் போன்றவர்களுக்காகத்தான் என்பேன். கொழுப்புக்கு அடியில் தசை கரைவதை எடை மெஷின் மட்டும் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

10. எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள்

கேஸ் ஷீட்டில் எடை, இழப்புச் சதவீதம், உணவின் அளவு, கைவலு, முடிவு இந்த ஐந்தையும் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதி, சர்ஜனிடம் நேரில் சொல்லுங்கள். ‘ஊட்டச்சத்து மோசம்’ என்றால் யாரும் நிற்க மாட்டார்கள். ‘நான்கு மாதத்தில் 15 சதவீதம் போயிருக்கிறது’ என்றால் நின்று கேட்பார்கள். கடும் அபாயம் உள்ளவர்களுக்கு, புற்றுநோயாக இருந்தாலும்கூட, ஊட்டம் கொடுக்க 7 முதல் 14 நாள் ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம் என்று ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் சொல்கிறது. அவசர ஆபரேஷனுக்கு இது பொருந்தாது. திட்டமிட்ட ஆபரேஷனில் காப்பீட்டு அனுமதி, ரத்த ஏற்பாடு, அனஸ்தீசியா ஃபிட்னஸ் என்று எப்படியும் நாட்கள் போகின்றன. அந்த நாட்களை வீணாக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இலக்கு, ஒரு கிலோ எடைக்குத் தினம் 25 முதல் 30 கலோரி, 1.5 கிராம் வரை புரதம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்டே புரதம். வாயால் முடிந்தால் முட்டை, பால், பருப்பு, சுண்டல், மீன் என்று சின்னச் சின்ன வேளைகளாக. போதாதபோது சத்து பானம். அடைப்பு இருந்தால் அதைத் தாண்டிக் குழாய் வழியாக, அதுவும் முடியாதபோது ரத்தநாளம் வழியாக. அந்த முடிவு குழுவாக எடுக்க வேண்டியது. தினம் நடையும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், மூச்சுப் பயிற்சியும் சேரட்டும். உடற்பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் போனால் தசை வலுவாகத் திரும்பி வராது.

ஒரு ஆபத்து உண்டு, இதை மறக்கவே கூடாது. அந்த விவசாயி போல 15 சதவீதத்துக்கு மேல் இழந்தவருக்கோ, பிஎம்ஐ 16-க்குக் கீழ் உள்ளவருக்கோ, பத்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கோ முதல் நாளே முழு உணவு கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப்ஸும் அதையே செய்யும். டாக்டரிடம் சொல்லி முதலில் தயமின் (வைட்டமின் பி1), பிறகு கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தைத் தினம் பார்த்து, சில நாட்களில் மெல்ல ஏற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை அதே மெஷினில் எடை, அதே கையில் பிடிவலு, அதே நாற்காலி. எடை ஏறாவிட்டாலும் கைவலு ஏறினால் சரியான பாதைதான். ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறினால் சந்தோஷப்படாமல் முதலில் காலை அழுத்திப் பாருங்கள், நீராக இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் இந்த அளவுகள் தொடர வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எடையையும் கைவலுவையும் சீட்டில் எழுதி, தையல் பிரிக்க வரும்போது மறுபடி பார்க்க வேண்டும் என்று வீட்டில் சமைப்பவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.